உள்வெறுமையும் விடுதலும்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஆன்மிகம் பேசுகிற இடங்களில் இரண்டு அறிவுரைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "எல்லாத்தையும் விட்டுடு" என்பது ஒன்று. "உள்ளே வெறுமையாகு" என்பது இன்னொன்று. துணையை இழந்து நிற்பவரிடமும் இதைத்தான் சொல்கிறார்கள். வேலையில் அவமானப்பட்டு வந்தவரிடமும், நேற்றுதான் தியானத்தில் உட்காரத் தொடங்கியவரிடமும் இதே வார்த்தைகள்தான். கேட்பவர் என்ன செய்வார்? வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு "விட்டுவிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எதிலும் மனம் ஒட்டாமல் கிடப்பதை "வெறுமை கைகூடிவிட்டது" என்று எடுத்துக்கொள்வார். இரண்டுமே அவருக்குக் கெடுதல் செய்யும். மருத்துவ உதவி தேவைப்படுகிற ஒருவர் தன் நிலையை ஆன்மிக முன்னேற்றம் என்று நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம்.

அதனால் அடியிலிருந்து, நிதானமாகப் பார்க்கலாம். எந்த மதத்தையும் நம்ப வேண்டியதில்லை. தத்துவப் படிப்பும் வேண்டாம். உங்கள் மனத்தில் நடப்பதைக் கொஞ்ச நேரம் கவனிக்கத் தயாராக இருந்தால் போதும்.

கை மூடுவதிலிருந்து தொடங்கலாம்

ஒரு கையை இறுக்கி மூடிப் பாருங்கள். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன, நீட்டும் தசைகள் வெளிப்பக்கம். தசைக்கு இழுக்கத் தெரியும், இழுப்பதை நிறுத்தத் தெரியும். தள்ளத் தெரியாது. இப்போது அந்த முட்டியைத் திறக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. மடக்கும் தசையின் இறுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நீட்டும் தசையையும் முழு பலத்தோடு இழுக்கலாம். செய்து பாருங்கள்: கை நடுங்கும், வலிக்கும், திறக்காது. இன்னொரு வழி, மடக்கும் தசையைத் தளர விடுவது. விரல்கள் தாமாகவே நெகிழ்ந்துவிடும்.

விடுதல் என்று பெரியவர்கள் சொன்னது இரண்டாவதை. நாம் பெரும்பாலும் செய்துகொண்டிருப்பது முதலாவதை. ஒரு நினைவையோ ஆசையையோ பிடித்துக்கொண்டே, அதைத் தள்ளவும் முயல்கிறோம். இரண்டு பக்கமும் இழுபறி நடக்கும்போது களைப்புதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் பார்த்து வையுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தால், பிடி தளர்ந்த பிறகும் கையில் இருந்த பொருள் அங்கேயே இருக்கும். பிடி மட்டும்தான் போயிருக்கும். "விடு" என்றால் உறவை முறி, வேலையை உதறு, வீட்டை விட்டுப் போ என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள். சில நேரம் பொருளையும் விட வேண்டியிருக்கும், அது தனி முடிவு. முதலில் தளர வேண்டியது பிடி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பிடித்துக்கொண்டிருப்பது நாம் ஒவ்வொரு கணமும் செய்கிற வேலை. அந்த வேலை நிற்பதுதான் விடுதல். எதிர்ப்பக்கம் இழுப்பதால் அது நடக்காது.

மனம் எப்படிப் பிடிக்கிறது?

கையின் கதை சரி. மனத்துக்குத் தசை இல்லையே, அது எதைக் கொண்டு பிடிக்கிறது? இதற்குத் தமிழிலேயே மிகத் தெளிவான ஒரு விடை இருக்கிறது. மணிமேகலை காப்பியத்தில் பௌத்த அறம் சொல்லப்படும் இடத்தில் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி வருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழுகிறது என்பதே அதன் சாரம். பன்னிரண்டும் நமக்கு இப்போது தேவையில்லை. நடுவில் வரும் நான்கு போதும்.

ஊறு என்றால் தொடுகை. ஒரு காட்சி, ஒலி, நினைவு என ஏதோ ஒன்று புலனையோ மனத்தையோ வந்து தொடுகிறது. நுகர்வு என்பது அந்தத் தொடுகையின் சுவை: இனிது, இன்னாது, இரண்டும் இல்லாதது, இவ்வளவுதான். வேட்கை என்பது அந்தச் சுவையைப் பார்த்து மனம் சாய்வது. இனிதாக இருந்தால் "இன்னும் வேண்டும்", இன்னாததாக இருந்தால் "போய்த் தொலையட்டும்". பற்று என்பது அந்தச் சாய்வு இறுகி, அதைச் சுற்றி ஒரு கதையும் ஒரு "நானும்" உருவாவது.

ஒரு எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். நெருங்கிய ஒருவருக்கு நீண்ட செய்தி ஒன்றை அனுப்புகிறீர்கள். மனத்தைத் திறந்து எழுதியது. இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது: "பார்க்கலாம்." அவ்வளவுதான்.

திரையில் அந்தச் சொல் கண்ணில் படுவது ஊறு. உடனே நெஞ்சில் ஒரு சின்ன சுருக், அது நுகர்வு. இதுவரை யாருக்கும் ஒரு கேடும் இல்லை. காலில் முள் குத்தினால் வலிக்கிற மாதிரி இயல்பான ஒன்று. அப்புறம்தான் வேகமாக நடக்கிறது எல்லாம். "இந்த சுருக் இருக்கக் கூடாது, இப்போதே போக வேண்டும்" என்று மனம் சாய்கிறது. அது வேட்கை. அது இறுகியதும் கதை தொடங்கிவிடுகிறது: "எப்பவும் இப்படித்தான். என்னை மதிப்பதே இல்லை. நான்தான் எல்லோருக்கும் இறங்கிப் போகிறேன். போன வருஷமும்..." இது பற்று. கவனியுங்கள், முதலில் ஒரு சொல் மட்டும்தான் இருந்தது. இப்போது மதிக்கப்படாத ஒரு "நான்", மதிக்காத ஒரு "அவர்", இருவருக்கும் ஒரு வரலாறு எல்லாம் வந்துவிட்டன. இரவு முழுக்க நம்மைப் புரட்டியெடுப்பது இந்தக் கட்டுமானம்தான். அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

இந்த நான்கில் நம் கைக்குள் இருப்பது எது? தொடுகை நம் கையில் இல்லை. சுவையும் பெரும்பாலும் நம் கையில் இல்லை, அது உடம்பின் பழக்கத்தில் இருந்து வருகிறது. சுவைக்கும் சாய்வுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடத்தில்தான் ஏதாவது செய்ய முடியும். சுருக்கென்றதை சுருக்கென்றதாக மட்டும் உணர்ந்தால் சங்கிலி அந்த இடத்தில் தளர்கிறது. அந்தக் கணத்தைப் பிடிக்க முடியாமல் கதை ஓடத் தொடங்கிவிட்டாலும் பரவாயில்லை. "கதை ஓடுகிறது" என்று தெரிந்த கணத்தில் அதற்குத் தீனி போடுவது நிற்கிறது.

"யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்ற குறளை (341) இந்த இடத்தில் படித்தால் நன்றாகப் புரிகிறது. எதிலிருந்து எதிலிருந்தெல்லாம் ஒருவன் நீங்குகிறானோ, அதனால் அதனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை. "எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விடு" என்ற கட்டளை இதில் இல்லை. ஒவ்வொன்றாக, விட்ட அளவுக்கு நோவு குறைகிறது என்கிற கணக்குதான் இருக்கிறது. தொடங்குபவருக்கு இது பெரிய ஆறுதல்.

சுருக்கம்: தொடுகை, சுவை, சாய்வு, பிடி. முதல் இரண்டும் வாழ்க்கையோடு வருபவை. மூன்றாவதில் இருந்துதான் தளர்த்த இடம் இருக்கிறது.

அப்படியானால் வெறுமை என்பது என்ன?

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். வெறுமை என்ற ஒரே சொல்லால் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறோம். மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதலாவது, இழப்பின் வெறுமை. ஒருவர் இறந்துவிட்டார், ஓர் உறவு முறிந்தது, பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், இத்தனை வருடம் ஓடிய ஓட்டத்துக்குப் பொருள் என்ன என்று தெரியவில்லை. நெஞ்சில் ஏதோ பிடுங்கி எடுத்த மாதிரி இருக்கிறது. இது வலி. மனித வாழ்க்கையில் இதற்கு இடம் உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் ஞானிகள் பேசிய வெறுமை இது கிடையாது.

இரண்டாவது, ஞான மரபுகள் பேசுகிற வெறுமை. பௌத்தத்தில் இதற்குச் சூனியதை என்று பெயர். எந்தப் பொருளுக்கும், எந்த மனநிலைக்கும், "நான்" என்பதற்கும் கூட, எதையும் சாராமல் தனியே நிற்கும் நிலையான கரு கிடையாது என்பதுதான் இதன் பொருள். இது ஓர் உணர்ச்சி இல்லை. பொருள்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு.

மூன்றாவது, பயணத்தின் நடுவே வரும் வறட்சி. பல காலம் இனித்த வழிபாடோ தியானமோ திடீரென்று ஒரு சுவையும் தராமல் போய்விடுவது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இரண்டாவதைச் சரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சூனியம் என்றதும் "ஒன்றுமே இல்லை" என்று பயந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் ஓர் உரையாடல் இருக்கிறது. உலகம் வெறுமை என்று சொல்கிறார்களே, எந்த வகையில் வெறுமை என்று சீடர் ஆனந்தர் புத்தரிடம் கேட்கிறார். தான் என்பதும் தன்னுடையது என்பதும் அதில் இல்லை, அதனால்தான் அது வெறுமை என்பது பதிலின் சாரம். உலகமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. எது இல்லை என்பதைத் திட்டமாகச் சொல்கிறார். நம் பக்கத்தில் வள்ளுவர் "யான் எனது என்னும் செருக்கு அறுப்பான்" (346) என்று சொல்லும்போது கை வைப்பதும் அதே இரண்டு சொற்களின் மேல்தான்: யான், எனது. இரு மரபுகளின் முடிவுகளும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. நோய் இருக்கும் இடத்தை இருவரும் ஒரே இடத்தில் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

இதை வாழ்க்கையில் எப்படிப் பார்ப்பது? "நான் கோபக்காரன்" என்று ஒருவர் தன்னைப் பற்றி நம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குள் கோபம் என்று ஒரு கட்டியான பொருள் இருபத்து நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறதா? தேடிப் பார்த்தால் கிடைக்காது. தூக்கம் குறைந்த நாள், பசி, பழைய காயத்தைத் தொடுகிற ஒரு சொல், எதிரே பாதுகாப்பாகக் கோபப்பட ஓர் ஆள் என இத்தனையும் கூடும்போது கோபம் எழுகிறது. கூட்டு கலைந்தால் அது இல்லை. கோபம் வந்தது உண்மை, அது இன்னொருவரைப் புண்படுத்தியதும் உண்மை. ஆனால் தன்னந்தனியாக நிற்கும் கரு அதற்கு இல்லை. இதைத்தான் கோபம் வெறுமையானது என்று சொல்கிறார்கள்.

இதில் நம்பிக்கை தரும் விஷயம் என்னவென்றால், அப்படிக் கரு இல்லாததால்தான் மாற முடிகிறது. உள்ளுக்குள் கல் மாதிரி ஒரு "கோபக்காரன்" இருந்திருந்தால் யாராலும் திருந்தியிருக்க முடியாது. கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் இந்த வாதத்தைத்தான் மிகக் கறாராகக் கட்டினார். சார்ந்து தோன்றுவது எதுவோ அதையே வெறுமை என்கிறோம் என்றார். வெறுமையை ஏற்றுக்கொண்டால் மாற்றம், முயற்சி, அறம் எல்லாம் பொருந்தி வரும், மறுத்தால்தான் ஒன்றும் பொருந்தாது என்பது அவர் நிலை. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: வெறுமையைத் தவறாகப் புரிந்துகொள்வது, பாம்பைத் தவறாகப் பிடிப்பது போல, பிடித்தவரையே அழிக்கும்.

அந்தத் தவறான பிடி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். "எல்லாம் வெறுமைதானே, யார் அழுதால் என்ன, யார் சிரித்தால் என்ன" என்பது ஒன்று. "நான் செய்ததும் வெறுமை, அதனால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை" என்பது மற்றொன்று. வெறுமையை உண்மையாகவே கொஞ்சம் கண்டவர்களிடம் இதற்கு நேர்மாறான குணத்தைப் பார்க்கலாம். "நான்" என்ற சுவர் மெலிந்தால் எதிரே இருப்பவரின் வலி இன்னும் எளிதாக உள்ளே வரும். இரக்கம் குறைந்துகொண்டே போனால் வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

சுருக்கம்: இழப்பின் வெறுமை ஒரு வலி. சூனியதை ஒரு தெளிவு. ஒன்றுமே இல்லை என்பதற்கும் தனியான கரு இல்லை என்பதற்கும் பெரிய தூரம் உண்டு.

விடுதலும் வெறுமையும் எங்கே சந்திக்கின்றன?

இப்போது இரண்டையும் இணைக்கலாம். பிடி இறுக வேண்டுமானால் பிடிக்க ஏதாவது கெட்டியாக இருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்ற சொல்லைச் சுற்றி நாம் கட்டியெழுப்பிய அந்த "மதிக்கப்படாத நான்" கெட்டியானது என்று நம்புகிற வரை பிடி தளராது. அதை உற்றுப் பார்த்து, இது சற்று முன்பு ஒரு சுருக்கிலிருந்தும் சில பழைய நினைவுகளிலிருந்தும் சேர்ந்து உருவானது என்று தெரிந்துவிட்டால், பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் சிக்காது. பிடி தளரும்போது வெறுமை தெரிகிறது, வெறுமை தெரியும்போது பிடி தளர்கிறது. எந்தப் பக்கம் இருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். அன்பு வழியில் போகிறவர்கள் தளர்வதிலிருந்து தொடங்குகிறார்கள், விசாரணை வழியில் போகிறவர்கள் பார்ப்பதிலிருந்து. எது உங்களுக்கு இயல்போ அதில் போங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "விட வேண்டும் என்று நினைப்பதும் ஓர் ஆசைதானே? வெறுமையை அடைய வேண்டும் என்பதும் பிடிதானே?" ஆமாம், பிடிதான். மரபுகள் இதை மறைக்கவில்லை. பௌத்தம் வேட்கையை மூன்றாகப் பிரிக்கும்: இன்பங்களுக்கான வேட்கை, ஏதோ ஒன்றாக ஆகிவிட வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதை நன்றாக நினைவில் வையுங்கள். "இந்த நான் கரைந்து ஒழிந்துவிட வேண்டும்" என்ற ஏக்கம் பார்ப்பதற்கு மிகப் புனிதமாகத் தெரியும். உள்ளே பெரும்பாலும் வலியிலிருந்து தப்பி ஓடும் வேகம்தான் இருக்கும்.

அதே நேரம், இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் உட்காரவும் வேண்டாம். "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று தொடங்கி "பற்று விடற்கு" என்று முடிகிறது துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் (350). விடுவதற்காக ஒன்றைப் பற்றிக்கொள்ளலாம் என்று அது வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. தொடக்கத்தில் ஒரு நல்ல பிடிமானம் தேவை. அது போகப் போகத் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

விடுதல் என்ற பெயரில் நடக்கும் மற்றவை

அடக்குவது என்பது விடுதல் போலவே தெரியும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு புகழ்பெற்ற சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது போகட்டும். பிறகு "இப்போது தாராளமாக நினையுங்கள்" என்று சொன்னபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களை விட, அடக்கிவைத்தவர்கள் அதிகமாக நினைத்தார்கள். நினைவைத் தள்ளுவதற்கு மனம் அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது வெக்னர் பின்னர் தந்த விளக்கம். முட்டியைத் தளர்த்தாமல் விரலை நீட்டப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே.

இன்னொன்று தப்பித்தல். அமெரிக்க உளவியலாளரும் பௌத்தப் பயிற்சி உள்ளவருமான ஜான் வெல்வுட் 1984இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ஆன்மிகத் தப்பித்தல் என்று சொல்லலாம்: தீர்க்கப்படாத மனக்காயங்களையும் வாழ்க்கைப் பொறுப்புகளையும் எதிர்கொள்ளாமல் இருக்க ஆன்மிகக் கருத்துகளைப் பயன்படுத்துவது. கடுமையாக நடத்தப்படுகிற ஒருவர் "எனக்குப் பற்று இல்லை, அதனால் வலிக்கவில்லை" என்று அதே இடத்தில் தொடர்ந்து இருப்பது இதற்கு ஒரு வடிவம். பேச வேண்டிய பேச்சைப் பேசாமல் "நான் அதை விட்டுட்டேன்" என்று முடித்துக்கொள்வது இன்னொரு வடிவம். பிடி தளர்ந்தவரால் "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியும். சொல்லப்போனால், பயமும் பழிவாங்கும் எண்ணமும் குறைந்திருப்பதால் இன்னும் தெளிவாகவே சொல்ல முடியும்.

அன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை தாயோடு கொள்ளும் பிணைப்பை ஜான் பௌல்பி போன்ற உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். அந்தப் பிணைப்பு வளர்ச்சிக்கு அவசியம். இங்கே நாம் பேசும் பற்று அது இல்லை. "நீ நான் நினைக்கிற மாதிரி இருந்தால்தான் எனக்கு நிம்மதி" என்ற இறுக்கத்தைத்தான் சொல்கிறோம். அந்த இறுக்கம் போனால் அன்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

வறட்சிக் காலம்

முன்பு தள்ளிவைத்த மூன்றாவது வெறுமைக்கு வருகிறேன். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி சிலுவையின் யோவான் இதை இருண்ட இரவு என்றார். இந்தப் பெயரை இப்போது எந்தத் துயரத்துக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அவரோ மிகக் கவனமாக மூன்று அடையாளங்கள் கொடுத்திருக்கிறார். இறைக் காரியங்களில் சுவை இல்லை, அதே சமயம் உலக இன்பங்களிலும் சுவை இல்லை என்பது முதல் அடையாளம். தான் பின்வாங்குகிறோமோ என்ற கவலையோடு மனம் இறைவனையே நினைத்துக்கொண்டிருப்பது இரண்டாவது. முன்பு போல் கற்பனையாலும் சிந்தனையாலும் தியானிக்க முடியாமல் போவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றார். உடல்நிலையாலோ மனச்சோர்வாலோ வரும் வறட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த அடையாளங்கள்.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, அவர் பல பத்தாண்டுகள் உள்ளே இறைவனின் இன்மையை உணர்ந்தபடியே பணி செய்தது தெரியவந்தது. உள்ளே வறட்சி இருந்தும் கை வேலை செய்துகொண்டிருந்தது. ஆன்மிகம் என்றால் எப்போதும் உள்ளே இனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பயிற்சியின் இனிமையும் பிடித்துக்கொள்ளக் கூடிய ஒன்றுதான், அதுவும் ஒரு நாள் தளர வேண்டியிருக்கும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இதை நேராகச் சொல்கிறேன். இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருப்பது அல்லது எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பது, கூடவே தூக்கமும் பசியும் குலைவது, உடம்பு களைத்துப்போவது, தான் எதற்கும் உதவாதவர் என்ற நினைப்பு அழுத்துவது என்றெல்லாம் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. "நான் இல்லாமல் போய்விட்டால் நல்லது" என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அன்றே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணத்துக்கும் ஞானிகள் சொன்ன வெறுமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தீவிரத் தியானத்தின்போதும் சிலருக்குக் கடும் பயம், தூக்கமின்மை, தானும் உலகமும் நிஜமில்லாதது போன்ற விலகல் உணர்வு வருவது உண்டு. இதை "ஆழ்நிலை" என்று கொண்டாடி மேலும் மேலும் உட்காரச் சொல்வது ஆபத்து. பயிற்சியைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள், தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்துங்கள், நடங்கள், ஆட்களோடு பேசுங்கள். தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை எடுத்துக்கொள்வதால் ஆன்மிகப் பயணம் தடைபடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது

சின்ன விஷயத்திலிருந்து. வாழ்க்கையின் மிகப் பெரிய காயத்தில் கை வைத்துத் தொடங்குவது பலரும் செய்கிற பிழை. புதிய துக்கத்தில் இருப்பவர் விடுதல் பயிற்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அழுவதுதான் அப்போதைய வேலை. மற்றவர்களுக்கு, வரிசையில் காத்திருக்கும் எரிச்சல், பாராட்டு கிடைக்காத ஏமாற்றம், வாதத்தில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற துடிப்பு, இவை போதும்.

அப்படி ஒன்று எழும்போது முதலில் உடம்பைப் பாருங்கள். தாடை, தொண்டை, வயிறு, தோள். பிடி பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். அந்த இறுக்கத்தை மாற்ற அவசரப்படாமல் சில மூச்சுக்கு அதோடு இருங்கள். அப்புறம், இதன் சுவை இனிதா, இன்னாததா என்று மட்டும் கேளுங்கள். கதை தொடங்கினால் அதோடு சண்டை போடாமல் மறுபடி உடம்புக்கு வாருங்கள். உணர்வு இருக்கட்டும். அதற்குக் காரணம் தேடுவதும் தீர்ப்பு எழுதுவதும் சற்று நேரம் காத்திருக்கட்டும். சில நேரம் தளரும், சில நேரம் தளராது. தளராத நாளில் "இறுக்கமாக இருக்கிறது" என்று தெரிந்ததே அன்றைய பயிற்சி. ஒரு தடவை விட்டது திரும்ப வந்து ஒட்டிக்கொண்டால் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பிடிப்பது ஒவ்வொரு கணமும் நடப்பதால் விடுவதும் திரும்பத் திரும்பத்தான் நடக்கும்.

போகப் போக என்ன மாறும்? பெரிய ஒளியோ பரவசமோ வரலாம், வராமலும் போகலாம், அதை அளவுகோலாக வைக்காதீர்கள். குத்தலான பேச்சிலிருந்து மீண்டு வர எடுக்கும் நேரம் குறைகிறதா, பிறர் பேசும்போது நிஜமாகக் காது கொடுக்க முடிகிறதா, தவறைத் தவறு என்று ஒப்புக்கொள்வது முன்பை விட எளிதாக இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். கூட வாழ்கிறவர்களுக்கு உங்களை விட முன்பே தெரிந்துவிடும்.

வழிகாட்டியைத் தேடும்போது

தனியாக நடப்பது கடினம் என்பதால் பலர் ஒரு ஆசிரியரையோ குழுவையோ தேடுவார்கள். அது நல்லதுதான். ஆனால் "விடு" என்ற சொல்லை வைத்து மனிதர்களைச் சுரண்டுவதும் மிக எளிது. குடும்பத்தை விடு, சேமிப்பை விடு, மருந்தை விடு, சந்தேகத்தை விடு என்று கேட்டுக்கொண்டே போய், விட்டதெல்லாம் ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் அங்கே பிடி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கேள்வி கேட்டால் "அது உன் அகங்காரம்" என்று வாயடைக்கிறார்களா, வெளியே போக நினைப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள், பணக்கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா, துன்பத்தில் இருப்பவரை மருத்துவரிடம் அனுப்பத் தயங்குகிறார்களா என்று விசாரியுங்கள். கொஞ்ச நாள் தள்ளி நின்றே பாருங்கள். நல்ல ஆசிரியர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.